வரப்பெலியும் மயிலும் ஒரே பாடத்தில்

(வேலூரில் விலங்கியல் இளநிலை மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

பட்டம் பெற்ற பின் காட்டுயிரியல் படிப்பதா, பூச்சி-எலிக் கட்டுப்பாடு படிப்பதா என்று, நான் அரங்கில் நுழையும்போதே உங்களுள் ஒருவர் கேட்டார். முன்னதில் புலியும் யானையும், பின்னதில் மருந்துப் புட்டியும் இருப்பதாக அவர் எண்ணியது முகத்திலேயே தெரிந்தது. ஓர் உயிரினம் எங்கே, எத்தனை, என்ன தின்று, எப்போது பெருகுகிறது என்ற கேள்விகளே இரண்டு படிப்புக்கும் அடிப்படை. அவற்றைப் பிரித்துப் படித்தவர் இரண்டிலும் தடுமாறுவார் என்பது என் அனுபவம்.

காட்பாடிக்கு அப்பால் இருக்கும் வள்ளிமலையை நீங்கள் அறிவீர்கள். அங்கே தினைப்புனம் காத்த வள்ளி, பரண்மேல் நின்று ஆலோலம் பாடிக் கவண்கல் எறிந்து கிளிகளை விரட்டியதாகத்தான் கதை சொல்லுகிறோமே தவிர, கிளிகளை அழித்ததாகச் சொல்வதில்லை. கதிர் முற்றி அறுவடையாகும் வரை கிளி இறங்காதிருந்தால் அவளுக்குப் போதும். சேதத்தின் மதிப்பு, அதைத் தடுக்க ஆகும் செலவைத் தாண்டப் போகிற கட்டத்தில் தலையிட வேண்டும் என்று வேளாண் பூச்சியியல் கற்பிக்கும் 'பொருளாதாரச் சேத நிலை' என்ற கருத்துக்கு இதைவிட நல்ல முன்னுரை எனக்குக் கிடைக்கவில்லை.

மயில் 1963 முதல் நாட்டின் தேசியப் பறவை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருப்பது. அதே மயில், நம் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலை விதைத்த கொல்லையில் இறங்கிவிட்டால், உழவருக்கு அது வேறு பறவை. 1980களில் ஓசூர்ப் பக்கத்திலிருந்து சித்தூர்க் காடுகளுக்கு வந்து சேர்ந்த யானைகளும், அங்குள்ள கவுண்டின்யா சரணாலயத்தை விட்டுக் குடியாத்தம், பேரணாம்பட்டு மாந்தோப்புகளுக்குள் இறங்கும்போது அப்படித்தான். காட்டுப்பன்றியின் நிலையோ இன்னும் விசித்திரமானது. தமிழ்நாடு அரசு 2025 தொடக்கத்தில் அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதைச் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கும் அப்பால் வனத்துறையினர் சுடலாம். பன்றிக்கு இந்த எல்லைக்கோடுகள் தெரியாது. அவற்றை வரைபவருக்குப் பன்றியின் நடமாட்டம் தெரிந்திருக்க வேண்டும்.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காகம், எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றைத் தீங்குயிர்கள் என்று ஐந்தாம் அட்டவணையில் வைத்திருந்தது. இலுப்பைப் பூவில் மகரந்தம் சேர்க்கும் வௌவாலை எலியோடு ஒரே வரியில் எழுதியது எந்த விலங்கியலாளருக்கும் உறுத்தியிருக்கும். 2022 திருத்தத்தில் அந்த அட்டவணை நீக்கப்பட்டது.

இப்போது எலிக்கு வருகிறேன். இதில் சற்று நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்தருள வேண்டும். எலி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். வயலில் வரப்பெலி உண்டு, புல்லெலி உண்டு, வெள்ளெலி உண்டு, வயல் சுண்டெலியும் உண்டு. வளை வாயில் புது மண் குவிந்திருந்தால் பெரும்பாலும் அது வரப்பெலி. உள்ளே நெற்கதிர்களை அறுத்துச் சேர்த்து வைத்திருக்கும். வடாற்காட்டு இருளர்கள் புகைமூட்டிய பானையின் வாயை வளையில் பொருத்தி, பின்புறத் துளையில் ஊதி, எலியையும் பிடித்து அந்த நெல்லையும் தோண்டி எடுத்தவர்கள். நான் பல்கலைக்கழகத்தில் கற்றதில் ஒரு பகுதியை அவர்கள் பட்டம் இல்லாமலே அறிந்திருந்தார்கள்.

என் மாணவப் பருவத்தில், அவசரத்தில், முதல் நாள் இரவே துத்தநாகப் பாஸ்பைடு என்ற எலிநஞ்சு கலந்த இரையை வைத்துவிட்டேன். கொஞ்சம் தின்று நோயுற்றுப் பிழைத்த எலிகள் அதன்பின் அந்த இரையைத் தொடவே இல்லை. இரண்டு மூன்று நாள் நஞ்சில்லாத இரையை வைத்துப் பழக்கிய பிறகே நஞ்சு வைக்க வேண்டும் என்ற பாடம் புத்தகத்தில் இருந்தது. நான்தான் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் புரட்டிவிட்டிருந்தேன். குருதி உறைவதைத் தடுக்கும் புரோமடியோலோன் என்ற எலிநஞ்சு சில நாள் கழித்தே கொல்வதால் எலிக்குச் சந்தேகம் எழுவதில்லை. ஆனால் அந்த எலியைத் தின்னும் கூகைக்கும் அந்த நஞ்சு போய்ச் சேரும். எலியை இலவசமாகப் பிடித்துத் தரும் பறவையைக் காசு கொடுத்துக் கொல்கிறோம் என்பது, நஞ்சியலும் காட்டுயிரியலும் ஒரே மேசையில் அமர்ந்தால்தான் கண்ணில் படும்.

கொல்லும் மருந்து இல்லாமலும் வென்றிருக்கிறோம். 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியை, 2010இல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி அடக்கியது.

எங்கே படிப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காட்டுயிரியலுக்கு டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனமும் மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியும். கொசு முதலான நோய்ப் பூச்சிகளுக்குப் புதுச்சேரி நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம். பயிர்ப்பூச்சிக்கு வேளாண் பல்கலைக்கழகம். எங்கே சேர்ந்தாலும் புள்ளியியலுக்குப் பயப்படாதீர்கள், அது கூடவே வரும்.

இன்று மாலை, விரிஞ்சிபுரம் பக்கத்து நெல்வயல் ஒன்றில், கண்ணில் படும் வளைகளையெல்லாம் சேற்றால் அடைக்கப் போகிறோம். நாளைக் காலை அவற்றுள் எத்தனை திறந்திருக்கின்றனவோ, அத்தனையே எலி குடியிருக்கும் வளைகள். எண்ணாமல் மருந்து வாங்கக்கூடாது. வர விரும்புவோர் என் உதவியாளரிடம் பெயர் கொடுங்கள். எலிக்காய்ச்சல் சேற்றுநீர் வழியாகவும் வரும். ஆகவே செருப்போடு வராதீர்கள், முழங்கால் வரை மூடும் ரப்பர் காலணியோடு வாருங்கள்.