கட்டுப்பாடே தீவைக் காக்கும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தீவைக் கெடுக்காமல் விடுமுறை கழிக்கப் பெரிதும் தேவை பயணியின் நல்ல மனமா, தீவின் கட்டுப்பாடா? கட்டுப்பாடே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அம்மா, நல்ல மனமுள்ள பயணி பிளாஸ்டிக்குக்குப் பதில் கொண்டுவரும் மூங்கில் பல் பிரஷ்ஷைப் பற்றி உருகி உருகிப் பேசினார். நல்ல சாமான்தான், நானும் வைத்திருக்கிறேன். பாரிஸிலிருந்து மொரிஷியஸ் வரை விமானம் எரித்த எண்ணெய்க் கணக்கு அதில் தீருமா அம்மா?

சரி, நம் மொரிஷியஸ் நாட்டைச் சேர்ந்த சின்னத் தீவான ரொட்ரிக்ஸுக்கு வருவோம். பவளத்திட்டில் தண்ணீரில் நடந்து, கம்பியால் குத்தி ஊரித் பிடிப்பது அங்கே பல பெண்களின் பிழைப்பு. ஆக்டோபஸ் என்கிற பேய்க்கணவாயைத்தான் சொல்கிறேன். குஞ்சு குளுவானைக்கூட விடாமல் பிடித்ததில் வரத்து சுருங்கிப்போனது. 2012-ல் இரண்டு மாதம் பிடிக்கவே கூடாது என்று தடை போட்டார்கள். ஊரித் மளமளவென்று வளர்கிற உயிர்; இரண்டு மாதம் விட்டுவைத்தாலே எடை கூடும், முட்டையிடவும் நேரம் கிடைக்கும். பிடித்துப் பிழைத்தவர்களைப் பட்டினி போடவில்லை, மாற்று வேலை தந்து கூலியும் கொடுத்தார்கள். அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். பிறகு பெரிய தீவான மொரிஷியஸும் அதே வழிக்கு வந்தது. இதில் எந்தப் பயணியின் நல்ல மனத்துக்குப் பங்கு? ஊரித் கறி தட்டில் வந்தால் அவர் பாவம், ரசித்துச் சாப்பிடுவார். தடைக்காலம் எது என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

மொரிஷியஸின் மாயெபூர்க் கரைக்கு எதிரே இல்-ஓ-ஸேக்ரெத் தீவு. எலிகளை ஒழித்து, வெளியிலிருந்து வந்த செடிகளைக் களைந்து, கருங்காலிக் காட்டை மீட்டு வருகிறார்கள். உலகிலேயே நம் நாட்டில் மட்டும் வாழும் இளஞ்சிவப்புப் புறா அங்கே பறக்கிறது. வழிகாட்டியோடுதான் சுற்ற வேண்டும். நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று யாரும் விசாரிப்பதில்லை!

“கெடுபிடி செய்தால் பயணி வேறு தீவுக்குப் போய்விடுவார்” என்று அம்மா பயமுறுத்தினார். 2016 ஜனவரியில் நாம் பிளாஸ்டிக் பைக்குத் தடை போட்டோம். 2018-ல் சுமார் 14 லட்சம் பேர் வந்திறங்கினார்கள். பிளாஸ்டிக் பை கிடைக்காத ஊர் என்று எத்தனை பேர் கோபித்துக்கொண்டு திரும்பினார்கள் என்பதை அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் சொல்லட்டும்.