பிள்ளையைக் கட்டுத்தறிக்குக் கூட்டிப் போங்கள்

(பார்வையற்ற குழந்தைகளின் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம்.

என் வகுப்பில் ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒருத்தி இருக்கிறாள். பிறவியிலேயே பார்வை இல்லை. பசுவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னேன். பிரெயிலில் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தாள். பசு வீட்டு விலங்கு, நான்கு கால், இரண்டு கொம்பு, ஒரு வால், நமக்குப் பால் தரும். எல்லாம் சரி. "பசு எவ்வளவு உயரம் இருக்கும் கண்ணு?" என்று கேட்டேன். என் கையைப் பிடித்து, தன் முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள்.

அவள் மேல் தப்பில்லை. அவள் தொட்ட ஒரே பசு, பிளாஸ்டிக் பசு. அந்தப் பொம்மைப் பெட்டியில் கோழியும் பசுவும் யானையும் ஒரே அளவு. எல்லாமே சில்லென்று, வழவழவென்று, மூச்சில்லாமல் கிடக்கும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் நானும் பார்வையில்லாதவன்தான். ஆனால் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவன். எழுத்து தெரிவதற்கு முன்பே எனக்கு மாடு தெரியும். விடியற்கருக்கலில் அப்பாரு பால் கறக்க உட்காரும்போது என்னையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்வார். அந்த இருட்டில் அவருக்கும் கண் வேலை செய்யாது, விரல்தான். கன்றை ஊட்ட விடுவதற்கு முன்னால் காம்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். தொளதொளவென்று இருக்கும். கன்று நாலு முட்டு முட்டியதும் மறுபடி என் கையை வைப்பார். அதே காம்பு நிறைந்து தடித்திருக்கும். பால் இறங்குவது என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து, சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும் என்பார்கள். அந்த மாற்றம் என் கைக்கு எட்டியதே இல்லை. சரி, எட்டாதது எட்டாததுதான். ஆனால் கன்றின் நெற்றியில் முளைக்கொம்பு இருக்கிறதே, அதை எத்தனை பேர் தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள்? பிறந்த சில வாரங்களில் அந்தச் சின்ன மொக்கு தோலோடு சேர்ந்து இப்படியும் அப்படியும் நகரும். இரண்டு மாதம் போல ஆனபிறகு மண்டையோட்டோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுக்கும். இது பார்த்தால் தெரியாது, தொட்டால்தான் தெரியும். வளர்ந்த மாட்டின் கொம்பும் அப்படித்தான். அடிப்பக்கம் பிடித்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே ரத்தம் ஓடும் எலும்பு இருக்கிறது.

மாட்டுக்காரர்களின் உலகமே பாதி கையால் ஆன உலகம் என்று எனக்குத் தோன்றும். எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். ஒரு சொல் வெளியே வராது. கால்நடை மருத்துவர் சினை பார்க்கும்போது கண்ணையா நம்புகிறார்? தோள்வரை கையுறை மாட்டிக்கொண்டு, குடலுக்குள் கைவிட்டு, கருப்பையை விரலால் தேடுகிறார். மாட்டின் இரைப்பை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க இடது விலாவுக்குப் பின்னால், இடுப்பெலும்புக்கு முன்னால் இருக்கும் குழிவில் கையை ஊன்றி நிற்பார். இரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று தடவை உள்ளிருந்து ஓர் அலை எழும்பி வந்து உள்ளங்கையைத் தள்ளிவிட்டுப் போகும். அந்த இடத்தில் நம் பிள்ளையின் கையும் மருத்துவரின் கையும் ஒன்றுதான்.

ஹெலன் கெல்லரை உங்களுக்குத் தெரியும். 1880இல் அமெரிக்காவின் அலபாமாவில் பிறந்து, 19 மாதத்தில் காய்ச்சல் வந்து பார்வையும் செவியும் போனவர். தண்ணீர்க் குழாயடியில் அவர் முதல் சொல்லைக் கற்ற கதையைத்தான் எல்லா மேடையிலும் சொல்கிறோம். எனக்குப் பிடித்தது தொழுவத்துக் கதை. பால் கறப்பவர்கள் அந்தக் குழந்தையை மாட்டின் மேல் கை வைத்துக்கொண்டு நிற்க விடுவார்களாம். மாடு வாலால் வீசி அடித்ததும் உண்டாம். 1887இல் ஆசிரியை ஆன் சல்லிவன் வந்தார். குஞ்சு பொரியும் நேரத்தில் ஒரு முட்டையை ஹெலன் கையில் கொடுத்தார். உள்ளே குஞ்சு ஓட்டைக் கொத்துவது அவள் விரலுக்குத் தெரிந்தது. அப்புறம் கத்தித் திமிறும் பன்றிக்குட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழுக்கத் தடவ விட்டார். ஹெலன் என்ன கேட்டாள் தெரியுமா? பன்றிக்குட்டியும் முட்டையில்தான் வளர்ந்ததா, அப்படியானால் அத்தனை ஓடும் எங்கே? ஆறு வயது! சொல் கற்றுக்கொண்டு சில மாதங்கள்கூட ஆகவில்லை. இப்படி ஒரு கேள்வியைப் பிளாஸ்டிக் பொம்மை எழுப்பாது.

அதனால் பிள்ளையைக் கட்டுத்தறிக்கு, மாடு கட்டும் தொழுவத்துக்கு, கூட்டிப் போங்கள். மாட்டை நன்றாகத் தெரிந்த வீட்டுக்காரர் கூடவே நிற்கட்டும். முதலில் பிள்ளையைக் குரல் கொடுக்கச் சொல்லுங்கள், ஆள் வருவது மாட்டுக்குத் தெரிய வேண்டும். மாட்டின் தோளில் தொடங்கி, வைத்த கையை எடுக்காமல் முடி படிந்த போக்கிலேயே முதுகுக்குப் போகட்டும். பின்னங்கால் பக்கம் நிற்க வேண்டாம். ஒரு காரியம் மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து மாட்டின் மேல் வைக்காதீர்கள். உங்கள் கையை மாட்டின் மேல் வைத்து, அதன் மேல் அவள் கையை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பயம் போனதும் அவளே விரலை இறக்குவாள். அரைமணி நேரம் ஆகட்டுமே. கண்ணுக்கு ஒரு நொடியில் கிடைப்பதைக் கை துண்டு துண்டாகச் சேர்க்கிறது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும்.

என் வகுப்புக் குழந்தையை நான் கூட்டிப்போனேன். முதலில் கோழி. மடியில் வைத்ததும், "சார், இதுக்குக் காய்ச்சலா?" என்றாள். நம் உடல் 37 டிகிரி, கோழிக்கு 41 போல இருக்கும், அது அதற்கு இயல்பு என்றேன். அப்புறம் பசு. எட்டிக் கையை உயர்த்தினாள், இன்னும் உயர்த்தினாள், அப்புறம்தான் திமில் எட்டியது. ரொம்ப நேரம் பேசவே இல்லை. கன்று அவள் விரலைச் சப்பியபோது கீழே பல், மேலே வெறும் ஈறு. "குட்டிக்கு இன்னும் மேல்பல் முளைக்கலையா?" அந்த வீட்டு அக்கா தாய்ப்பசுவின் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். அவள் தொட்டாள். அங்கேயும் முன்பல் இல்லை, தடித்த ஈறுதான்.

என் கையையும் இழுத்து அங்கே வைத்து, "சார், இத்தனை வருசமா உங்களுக்கு இது தெரியுமா? ஏன் சொல்லவே இல்லை?" என்று கேட்டாள்.