காம் ரான் கூட்டத்திலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

கம்யூனிஸ்ட் வட வியட்நாமுடன் நடந்த போரின் முடிவில், 1975 ஏப்ரலில், தென் வியட்நாமின் சைகோன் அரசைக் கைவிட்டது அந்த மாதம் 21 வரை அதிபராயிருந்த நுயென் வான் தியூவா, கடைசி அதிபர் டுவோங் வான் மின்னா என்பது வழக்கு. தியூவே என்று வாதாட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் இரண்டு சொன்னார்: அமெரிக்கா உதவியை நிறுத்திவிட்ட பிறகு தியூ என்ன செய்திருக்க முடியும்; பதவியேற்ற இரண்டே நாளில் சரணடைந்த மின் அல்லவா குற்றவாளி!

அமெரிக்கா பின்வாங்கியதை நான் மறுக்கவில்லை. அதிபர் ஃபோர்டு கேட்ட 72.2 கோடி டாலர் ராணுவ உதவியை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தரவில்லை. ஆனால் தியூ நம்பியிருந்தது எதை? 1973-இன் பாரிஸ் அமைதி உடன்பாட்டை வடக்கு மீறினால் கடுமையாகத் திருப்பித் தாக்குவோம் என்று அப்போதைய அமெரிக்க அதிபர் நிக்சன் எழுதிய தனிக் கடிதங்களை. 1974 ஆகஸ்டில் நிக்சனே பதவி விலகிய பின்னரும், அந்த வாக்குறுதியை வைத்தே ஒரு நாட்டின் பாதுகாப்பைக் கணக்கிட்டவரைக் கைவிடப்பட்டவர் என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது.

உதவி குறைந்தது ஒருபுறம் இருக்கட்டும்; கையில் இருந்த படையை அவர் என்ன செய்தார் என்பதே என் கேள்வி. 1975 மார்ச் 10-இல் மத்திய மேட்டுநிலத்தின் பான் மே துவோட் நகரை வடக்கின் படை தாக்கியது. நான்கு நாள் கழித்துக் கடற்கரை நகரான காம் ரானில் ஒருசில தளபதிகளை மட்டும் கூட்டிய தியூ, அதே மேட்டுநிலத்தின் பிளெய்க்கு, கொன்டும் நகரங்களை விட்டு வெளியேற உத்தரவிட்டார். திட்டம் வகுக்க அவகாசம் இல்லை. பிராந்தியப் படைகளுக்கும் மாகாண நிர்வாகத்துக்கும் முன்கூட்டித் தகவல் இல்லை. பராமரிப்பின்றிச் சிதைந்து கிடந்த 7பி சாலையே பாதையானது. செய்தி கசிந்ததும் குடும்பத்தோடு பொதுமக்களும் அதே சாலையில் இறங்க, கடற்கரையை நோக்கிப் புறப்பட்ட அந்தப் படையில் பெரும்பகுதி போய்ச் சேரவேயில்லை. வடபகுதியிலிருந்த ஹியூ நகரைப் பற்றியோ, மார்ச் 20-இல் அதைக் காப்போம் என்று வானொலியில் அறிவித்தவரே அன்றைக்கே தளபதிக்கு வேறு உத்தரவு அனுப்பினார். மார்ச் 25-இல் ஹியூவும் 29-இல் டா நாங்கும் வீழ்ந்தன. மின் அப்போது எந்தப் பதவியிலும் இல்லை என்பதை எதிரணி மறந்துவிடக் கூடாது.

ஏப்ரல் 21-இல் தொலைக்காட்சியில் தோன்றி அமெரிக்காவைச் சாடிப் பதவி விலகிய தியூ, தாம் ஓடிப்போகவில்லை, படைவீரர்களோடு நிற்பேன் என்றார். நான்காம் நாள் இரவு தைவானுக்குப் பறந்தார். தைவான் அதிபர் சியாங் கை-ஷேக்கின் மறைவுக்கு இரங்கல் தெரிவிக்கும் சிறப்புத் தூதர் என்பது அந்தப் பயணத்துக்குச் சொல்லப்பட்ட காரணம்! அவர் விட்டுச் சென்ற அதிபர் பொறுப்பை, மின்னுக்கு முன் சில நாட்கள் ஏற்றிருந்த முதியவர் டிரான் வான் ஹுவோங், வெளியேற வாய்ப்பிருந்தும் மறுத்து, 1982-இல் சைகோனிலேயே இறந்தார்.

மின் களங்கமற்றவர் என்று நான் சொல்லவில்லை. 1963-இல் தென் வியட்நாம் அதிபர் டியெம் கொல்லப்பட்ட ஆட்சிக்கவிழ்ப்புக்குத் தலைமை தாங்கியவர் அவர். பேச்சுவார்த்தைக்கு வடக்கின் தலைநகரான ஹனோய் இணங்கும் என்று நம்பியதும் தப்புக்கணக்கு. ஏப்ரல் 28-இல் அவர் பதவியேற்ற அன்று மாலையே, தெற்கிடமிருந்து கைப்பற்றிய விமானங்களைக் கொண்டே சைகோனின் டான் சன் நியூட் விமானத் தளத்தில் வடக்கின் படையினர் குண்டு வீசினார்கள். ஆயினும் 30-ஆம் தேதி காலை, நகரின் வாயிலில் வடக்கின் படைகள் நிற்க, அவருக்கு முன்னால் இருந்தவை இரண்டே வழிகள்: அகதிகளால் நிரம்பியிருந்த சைகோனைத் தெருத்தெருவாகப் போர்க்களமாக்குவது, அல்லது சுடுவதை நிறுத்தச் சொல்வது. வானொலியில் போர்நிறுத்த ஆணையிட்டுவிட்டு, டாங்கிகள் வரும்வரை அவர் அதிபரின் சுதந்திர மாளிகையிலேயே அமைச்சர்களோடு காத்திருந்தார். சைகோனில் வீடுவீடாகச் சண்டை நடக்கவில்லை.

ஆகவே நடுவர் அவர்களே, தீர்ப்புக்கு மின்னின் இரண்டு நாட்களை மட்டும் எடுத்துக்கொள்ளாமல், மார்ச் 14-இலிருந்து கணக்கைத் தொடங்குமாறு வேண்டுகிறேன்.