பூட்டு கட்டுவது வாங்கியவர் கையைத்தான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இன்றைய தலைப்பு: "மின்னணுக் கருவிகளிலும் டிஜிட்டல் படைப்புகளிலும் போடப்படும் பூட்டுகள் படைப்பாளியைக் காக்கின்றனவா, வாங்கியவரைக் கட்டிப்போடுகின்றனவா?" எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்தார். பூட்டு இல்லையென்றால் ஆளாளுக்கு நகலெடுத்துப் படைப்பாளி தெருவில் நிற்பார் என்றார். நேர்மையாக வாங்குகிறவருக்குப் பூட்டு இருப்பதே தெரியாது என்றார். பூட்டு இல்லாமல் ஸ்ட்ரீமிங்கே வந்திருக்காது என்றார். நடு வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் மூன்றிலும் அதுதான் உண்மைக்கு வெகு தூரத்தில் இருக்கிறது.

ஒருவர் 4கே டிவி வாங்குகிறார். 4கே புளூரே பிளேயர் வாங்குகிறார். இரண்டுக்கும் நடுவில், ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ஏவி ரிசீவர். அது அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகி, டிஸ்க்கைப் போட்டு, பிளே பட்டனை அழுத்துகிறார். திரை கருப்பாக நிற்கிறது. அல்லது படம் வருகிறது, ஆனால் 4கே-யில் இல்லை, அதைவிடத் தெளிவு குறைந்த 1080பி-யில். கேபிளை மாற்றிப் பார்க்கிறார். டிஸ்க்கைத் துடைத்துப் பார்க்கிறார். பழுது எங்கேயும் இல்லை, நடுவர் அவர்களே. அந்தக் கேபிளுக்குள் எச்டிசிபி என்று ஒரு பூட்டு ஓடுகிறது. படத்தை அனுப்புவதற்கு முன்னால் பிளேயர், எதிரே இருக்கும் ஒவ்வொரு கருவியிடமும் அடையாளம் கேட்கும். 4கே டிஸ்க்குக்கு எச்டிசிபியின் 2.2 பதிப்பு வேண்டும் என்பது விதி. பிளேயரில் 2.2 இருக்கிறது, டிவியில் 2.2 இருக்கிறது, நடுவில் உள்ள ரிசீவர் மட்டும் எச்டிசிபி 1.4 காலத்தது. விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் 4கே படத்தைக் கடத்தும் திறன் பழைய எச்டிஎம்ஐ 1.4 இணைப்புக்கே உண்டு. ஆக, ரிசீவரால் முடியாமல் இல்லை. முடியக்கூடாது என்று விதி எழுதியிருக்கிறார்கள். நன்றாக ஓடும் ஒரு கருவி அந்த விதியால் ஒரே நாளில் காலாவதியாகிறது.

இன்னொன்றும் நடக்கும். எச்டிஎம்ஐ கேபிளில் படம் போகும் கம்பிகள் வேறு, இந்த அடையாளப் பேச்சு நடக்கும் கம்பிகள் வேறு. 15, 16-ஆம் பின்களில் இருக்கும் இரண்டு மெல்லிய கம்பிகளில்தான் அது நடக்கிறது. எச்டிசிபி 1 வரிசையில் முதலில் ஒருமுறை கேட்டதோடு விடாது, 128 ஃபிரேமுக்கு ஒருமுறை மறுபடி சரிபார்க்கும். கேபிள் நீளமாகவோ மட்டமாகவோ இருந்து அந்த இரண்டு கம்பிகளில் சிக்னல் தடுமாறினால், படக் கம்பிகள் நன்றாக இருந்தும் திரை அணைந்து அணைந்து எரியும். பார்க்கிறவர் டிவியின் போர்டு போய்விட்டது என்று நினைப்பார்.

இந்த அவையில் யாராவது இதில் மாட்டிக்கொண்டு இருந்தால் வழி சொல்லிவிட்டே போகிறேன். பிளேயரை நேராக டிவியில் சொருகுங்கள். படம் வந்துவிட்டால் தடுப்பது நடுவில் இருக்கும் கருவி. வரவில்லையென்றால் டிவியின் அடுத்த போர்ட்டில் சொருகுங்கள். 4கே டிவிகள் வந்த புதிதில் சிலவற்றில் ஒரே ஒரு போர்ட்டில்தான் 2.2 இருந்தது. பிளேயரில் இரண்டு எச்டிஎம்ஐ அவுட் இருந்தால் ஒன்றைப் படத்துக்கு டிவிக்கும், மற்றதை ஒலிக்கு ரிசீவருக்கும் கொடுங்கள். எல்லாவற்றையும் அணைத்து, டிவி முதலில், ரிசீவர் அடுத்து, பிளேயர் கடைசியில் என்ற வரிசையில் போட்டுப் பாருங்கள். இத்தனை பாடும் யாருக்கு? காசு கொடுத்து வாங்கியவருக்கு. நகலெடுத்தவரிடம் இருப்பது வெறும் ஃபைல். அது எந்தக் கருவியிடமும் அடையாளம் கேட்காது.

எச்டிசிபி 1 வரிசைக்கான மூலச் சாவி 2010 செப்டம்பரில் வெளியே வந்துவிட்டது. அந்தப் பூட்டை உருவாக்கிய இன்டெல் நிறுவனமே அது உண்மையான சாவிதான் என்று ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகும் அந்தப் பூட்டைக் கழற்றினார்களா? இல்லை. திருடுகிறவன் கையில் சாவி இருக்கிறது என்று தெரிந்த பிறகும், வாங்கியவரை 128 ஃபிரேமுக்கு ஒருமுறை சந்தேகப்படுவது தொடர்ந்தது. கண்ணுக்கே தெரியாத பூட்டு என்றா இதைச் சொல்கிறீர்கள்?

கம்ப்யூட்டரில் 4கே புளூரே பார்க்க நினைத்தவர்கள் பட்டது இதைவிடப் பெரிய பாடு. அதற்கு டிரைவ் வேண்டும், மென்பொருள் வேண்டும், அதோடு பிராசசருக்குள் இன்டெல்லின் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு அறையும் வேண்டும் என்று விதி வைத்தார்கள். அதை நம்பி 7-ஆம் தலைமுறையிலிருந்து 10-ஆம் தலைமுறை வரையான பிராசசர்களைத் தேடி வாங்கினார்கள். 11-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களிலிருந்து இன்டெல் அந்த எஸ்ஜிஎக்ஸையே எடுத்துவிட்டது. புதிய, வேகமான கம்ப்யூட்டருக்கு மாறியவர், தான் முறையாக வாங்கிய டிஸ்க்கை முறையான மென்பொருளில் பார்க்க முடியாது. பழையதைக் கட்டிக்கொண்டு இருப்பவர் பார்க்கலாம்.

இனி முதல் வாதம். பூட்டு நகலைத் தடுக்கிறதா? பூட்டின் அமைப்பைப் பார்த்தாலே பதில் கிடைக்கும். கடிதம் ஒன்றைச் சங்கேதமாக எழுதி அனுப்பினால், நடுவழியில் பிடிப்பவரிடம் சாவி இருக்காது. அதனால் அது காக்கும். டிஜிட்டல் படைப்பில் அப்படி இல்லை. படம் திரையில் தெரிய வேண்டுமானால் பெட்டியும் சாவியும் ஒரே ஆளின் கையில், ஒரே கருவிக்குள் இருந்தாக வேண்டும். சாவியை எவ்வளவு ஆழத்தில் புதைத்தாலும் அது அந்த வீட்டுக்குள்தான் கிடக்கிறது. தோண்டத் தெரிந்தவர் உலகத்தில் ஒருவர் இருந்தால் போதும், அவர் எடுக்கும் ஒரே நகல் ஊரெங்கும் போய்விடும். தோண்டத் தெரியாத மற்ற அனைவரின் வீட்டிலும் பூட்டு நாள்தோறும் வேலை செய்துகொண்டிருக்கும்.

டிவிடியில் நடந்தது அதுதான். அதில் இருந்த சிஎஸ்எஸ் பூட்டின் சாவி வெறும் 40 பிட், மிகச் சிறியது. 1999-இல் அது உடைந்தது. நார்வேயைச் சேர்ந்த யோன் லெக் யொஹான்சன் என்ற சிறுவனுக்கு அதில் பங்கு இருந்தது என்று வழக்குப் போட்டார்கள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தை வைத்திருந்தவர்களுக்குத் தாங்கள் வாங்கிய டிவிடியைப் பார்க்கவே அப்போது ஒழுங்கான வழி இல்லை. சொந்தமாக வாங்கிய டிஸ்க்கைத் திறந்து பார்ப்பது குற்றம் ஆகாது என்று 2003-இல் நார்வே நீதிமன்றங்கள் அவரை விடுவித்தன. பூட்டு உடைந்தது. ஆனால் ஒரு நாட்டு டிஸ்க் இன்னொரு நாட்டுக் கருவியில் ஓடாதபடி வைத்த மண்டலக் கட்டுப்பாடு போனதா? டிவிடி டிரைவில் மண்டலத்தை 5 முறைதான் மாற்றலாம். அதோடு அப்படியே உறைந்துவிடும். எண்ணிக்கை டிரைவுக்குள்ளேயே இருப்பதால், விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டாலும் பயனில்லை. இரண்டு நாட்டு டிஸ்க்குகளை நேர்மையாகக் காசு கொடுத்து வாங்கியவர்தான் அங்கே நிற்கிறார்.

பூட்டைக் கழற்றினால் படைப்பாளி தெருவுக்கு வருவார் என்றீர்களே, இசைத்துறை கழற்றிக் காட்டிவிட்டது. 2007-இல் இஎம்ஐ என்ற இசை நிறுவனம் பூட்டில்லாத பாடல்களை விற்க முன்வந்தது. 2009 தொடக்கத்தில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸ் கடையில் பாடல்களின் மேல் இருந்த பூட்டை அகற்றுவதாக அறிவித்தது. இன்று விலைக்குப் பாட்டு ஃபைல் வாங்கினால் பெரும்பாலும் பூட்டு இருக்காது. எந்த பிளேயரிலும் போகும். இசை விற்பனை நின்றுபோகவில்லை. அதற்கும் முன்னால், வீட்டில் டிவி நிகழ்ச்சியைப் பதிவு செய்யும் பீட்டாமேக்ஸ் கருவியைத் தடை செய்யச் சொல்லி ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயின. 1984-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் தோற்றன. பின்னாளில் அதே ஸ்டூடியோக்களுக்கு வீடியோ கேசட் பெரிய வருமானம் ஆனது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பக்கத்து மேசைக்காரர் "எனக்கும் ஒரு காப்பி கொடு" என்று கேட்டால், பூட்டு இருக்கும்போது கொடுப்பது கடினம். அந்த அளவுக்குத் தடை உண்டு. அந்தத் தடைதான் வேண்டுமென்றால் வாங்கியவர் பெயரையும் ஆர்டர் எண்ணையும் ஃபைலுக்குள் முத்திரையாகப் பதித்துக் கொடுக்கலாம். மின்நூல் விற்பவர்கள் சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். படிக்கத் தடையில்லை, தன் பெயர் பதிந்ததை ஊருக்கு விட மனம் வராது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த வேண்டியதில்லை.

படைப்பாளி, படைப்பாளி என்கிறார்களே, எந்தப் படைப்பும் இல்லாத இடத்தில் எதற்குப் பூட்டு? பிரின்டரின் டோனர் கார்ட்ரிட்ஜில் ஒரு சிப் இருக்கிறது. அதில் பாட்டு இல்லை, கதை இல்லை. லெக்ஸ்மார்க் நிறுவனம் அந்தச் சிப்பில் 55 பைட்டுக்கு மேல் போகாத குட்டி நிரலை வைத்துவிட்டு, மாற்றுச் சிப் செய்து விற்ற ஸ்டாடிக் கன்ட்ரோல் நிறுவனத்தின் மேல் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டது. 55 பைட் என்பது இந்த மேடையில் நான் சொல்லும் ஒரு வாக்கியம் அளவுகூட இல்லை. 2004-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் லெக்ஸ்மார்க் பக்கம் நிற்க மறுத்தது. போன் திரையை மாற்றினால் "இது அறியப்படாத பாகம்" என்று எச்சரிக்கை வருவதும், ஒரிஜினல் திரையையே இன்னொரு போனிலிருந்து எடுத்துப் போட்டாலும் சில மாடல்களில் சில வசதிகள் நின்றுபோவதும் இதே வகைதான். திரையின் எண்ணும் போர்டின் எண்ணும் ஜோடி சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஜோடி சேர்க்கும் மென்பொருளைக் கம்பெனி நெடுங்காலம் தன்னிடம் மட்டும் வைத்திருந்தது. இது காப்பது எந்தக் கவிஞரை, எந்த இசையமைப்பாளரை?

வலிக்கும் இடம் ஒன்று சொல்கிறேன். 2009-இல் வந்த கிண்டில் 2, அமேசானின் மின்நூல் படிக்கும் கருவி, புத்தகத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டும். பார்வையற்றவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! அமெரிக்க எழுத்தாளர் சங்கம் எதிர்த்தது. எந்த நூலுக்கு அந்தக் குரலை நிறுத்தலாம் என்று தீர்மானிக்கும் உரிமை பதிப்பாளர்களிடம் கொடுக்கப்பட்டது. காசு கொடுத்து வாங்கிய புத்தகம், படிக்கத் தெரிந்த கருவி, கேட்கக் காத்திருக்கும் காது. மூன்றும் இருந்தும் நடுவில் ஒரு பூட்டு. எதிரணி நண்பர்கள் இதற்கு மட்டுமாவது பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது வாதம், ஸ்ட்ரீமிங். மாதச் சந்தா கட்டிப் பார்ப்பது வாடகை. வாடகைக்கு நிபந்தனை இருக்கலாம், எங்கள் அணிக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் வாடகைக்காரரையும் ஒரே மாதிரி நடத்துவதில்லையே! ஆண்ட்ராய்டு போனில் வைட்வைன் என்ற பூட்டு எல்1, எல்3 என்று தரம் பிரிக்கிறது. எல்1 என்றால் பூட்டுத் திறப்பு சிப்பின் பாதுகாப்பான பகுதியில் நடக்கிறது, எச்டி கிடைக்கும். எல்3 என்றால் வெறும் மென்பொருளில் நடக்கிறது, பல சேவைகள் 480பி-யோடு நிறுத்திவிடும். கம்பெனி அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிட்ட போனில், பாதுகாப்புக்காகவே, போனைத் துவக்கும் நிரலான பூட்லோடரைத் திறந்து புதிய ஆண்ட்ராய்டு ஏற்றுகிறார் ஒருவர். பல மாடல்களில் அந்த நிமிடமே எல்1 போய் எல்3 ஆகிவிடும். சந்தா குறையாது, படம் மட்டும் மங்கும். செகண்ட்ஹேண்டில் போன் வாங்குகிறவர்கள் டிஆர்எம் இன்ஃபோ போன்ற ஆப்பைப் போட்டு இதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வாடகை இருக்கட்டும். "வாங்கு" என்று பட்டன் வைத்து விற்றதை என்ன சொல்வது? 2009-இல் அமேசான், உரிமை இல்லாத ஒருவர் விற்றது என்று சொல்லி, வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்தே சில நூல்களை அழித்தது. பணம் திரும்பியது, பிறகு மன்னிப்பும் வந்தது. 2010 ஏப்ரல் 1 அன்று வந்த பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவியின் அப்டேட், லினக்ஸ் போடும் வசதியை எடுத்துவிட்டது. அந்த வசதியைச் சொல்லித்தான் முதலில் விற்றார்கள். அப்டேட் போடாவிட்டால் ஆன்லைனில் விளையாட முடியாது, போட்டால் லினக்ஸ் போய்விடும். 2025 தொடக்கத்திலிருந்து கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம், டிஜிட்டல் பொருளுக்கு "வாங்கு" என்று எழுதினால் அது வெறும் உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்கிறது. வாங்கியவர்கள் ஏமாறுகிறார்கள் என்று ஒரு சட்டமன்றமே உணர்ந்திருக்கிறது.

நடுவர் மணியைத் தொடுகிறார், ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியது. ஜூலையில் சர்வர் நின்றது, வாங்கிய புத்தகங்கள் திறக்கவில்லை. விலையைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஓரத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்கு மேற்கொண்டு 25 டாலர் கொடுத்தார்கள். கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் ஏப்ரலில் அறிவித்து ஜூலையில் நிறுத்தும் வரை அந்தச் சர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பதிப்பாளர்களோடு போட்ட ஒப்பந்தத்தில் முதல் நாளே ஒரு வரி சேர்த்திருந்தால், அந்த இடைவெளியில் ஒவ்வொருவருக்கும் பூட்டில்லாத பிரதி ஒன்றை அதே சர்வரிலிருந்து அனுப்பியிருக்க முடியும். அந்த ஒரு வரியைத்தான் எங்கள் அணி கேட்கிறது. நன்றி, வணக்கம்.