ஈச்சை போல ஒரு செடி

நேயர்களுக்கு வணக்கம்.

திருமலையைச் சுற்றியுள்ள சேஷாசலக் காட்டில் முதல் தடவை அந்தச் செடியைப் பார்த்தபோது, ஏதோ ஈச்சங்கன்று என்றுதான் நினைத்தேன். காய்ந்த புல்சரிவு, பாறை இடுக்கு, ஆள் உயரம்கூட வராத கறுத்த தண்டு, உச்சியில் குடை போல இலைகள். என் கண்ணை மட்டும் குறை சொல்ல முடியாது. தெலுங்கில் இதைப் ‘பேரீத’ என்பார்கள். ஈத என்றால் ஈச்சைதான்.

ஆனால் இது ஈச்சையும் இல்லை, பனையும் இல்லை. அறிவியல் பெயர் சைகஸ் பெடோமி. பூக்கிற தாவரங்கள் உலகில் தோன்றுவதற்கு முன்பே இருந்த குலம். சென்னை மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்த பெடோமின் பெயரை 1883இல் இதற்கு வைத்தார்கள். கடப்பை, திருப்பதி வட்டாரத்து மலைகளை விட்டால் உலகில் வேறெங்கும் தானாக வளர்வதில்லை. செம்மரம் வளரும் அதே வறண்ட காடு. செம்மரம் செய்தியில் வருகிறது, இது வருவதில்லை.

கோடையில் அங்கே புல் தீப்பிடிக்கும். வளர்ந்த செடி தாங்கிக்கொள்ளும். உதிர்ந்த இலைகளின் அடிப்பகுதிகள் தண்டைச் சுற்றிக் கவசம் போல ஒட்டியிருப்பதால், மேலே கருகினாலும் மறுபடி துளிர்த்துவிடும். முளைத்து ஒன்றிரண்டு வருடமான கன்றுக்கு அந்தக் கவசம் ஏது?

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இதில் ஆண் தனிச்செடி, பெண் தனிச்செடி. ஆண்செடியின் உச்சியில் மகரந்தம் நிறைந்த கூம்பு வரும். மருந்துக்கென்று அதைத்தான் வெட்டுகிறார்கள். வெட்டினால் செடி சாகாது. அதனால் வெட்டுகிறவருக்கு அது தப்பாகவே படுவதில்லை. ஆனால் அந்தப் பருவத்து மகரந்தம் மூட்டையில் போய்விடுகிறது. அக்கம்பக்கத்துப் பெண்செடிக்கு அப்புறம் விதை எங்கிருந்து வரும்? ஒரு செடியைக்கூடச் சாகடிக்காமல் ஒரு தலைமுறையையே இல்லாமல் செய்துவிடலாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தில், சைகஸ் பேரினத்திலேயே, கட்டுப்பாடு மிகக் கடுமையான முதல் பட்டியலில் இடம்பெற்றது இது ஒன்றுதான். 2010இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமும் ஆனது. ஆனால் சைட்ஸ் காவல் நிற்பது நாட்டு எல்லையில். கூம்பு அவ்வளவு தூரம் போவதில்லை, உள்ளூர்ச் சந்தையோடு நின்றுவிடுகிறது.

நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளிலும் ‘மதனகாமப்பூ’ கிடைக்கும். பெயர்தான் பூ. அது இந்தச் செடிக்கு உறவான, மேற்குத் தொடர்ச்சி மலைச் சைகஸின் ஆண்கூம்புச் செதில். ஒரு கடையில் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இது ஆண்செடியில்தான் வரும், தெரியுமா?” என்றேன். கடைக்காரர் சிரித்தார். “பூவில் என்ன சார் ஆணும் பெண்ணும்? எத்தனை கிராம் போடட்டும்?”

நன்றி, வணக்கம்.