மருந்து என்று நாம் சொல்லும் நஞ்சு

யாழ்ப்பாண நேயர்களுக்கு வணக்கம்.

உயர்தரப் பெறுபேறு வந்ததும் பிள்ளையை எந்தத் துறைக்கு அனுப்பலாம் என்று வீடுகளில் பேச்சுத் தொடங்கிவிடும். வைத்தியம், பொறியியல், கணக்கியல் எல்லாம் வரும். தொழில்சார் பாதுகாப்பும் சுகாதாரமும் என்றொரு பல்கலைக்கழகப் படிப்பு இருப்பதை யாரும் சொல்வதில்லை. அதைப் படித்தவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

என் பெரியப்பா கோப்பாயில் வெங்காயம் செய்தவர். காலையில் சாரத்தை மடித்துக் கட்டி, மருந்து மெசினை முதுகில் மாட்டிக்கொண்டு, வெறுங்காலுடன் செம்மண்ணில் இறங்குவார். பின்னேரம் தலையிடியும் குமட்டலும் வரும். "வெயில் பிடித்துவிட்டது" என்பார். பெரியம்மா தேசிக்காய் கரைத்துக் கொடுப்பார்.

நச்சியல் வகுப்பில்தான் எனக்கு விளங்கியது. அவர் அடித்தவற்றில் பல ஒர்கனோபொஸ்பேற்று என்னும் பூச்சிநாசினி வகை. நரம்பின் செய்தி போய்ச் சேர்ந்ததும் அதை நிறுத்திவைக்கும் நொதியத்தை அவை முடக்கிவிடும். வாயால் விழுங்கத் தேவையில்லை, நனைந்த சாரத்தின் வழியே தோலே உறிஞ்சிக்கொள்ளும். தலையிடியும் குமட்டலும் உடலில் நஞ்சேறுவதன் தொடக்க அறிகுறிகள். நாமோ அந்த நஞ்சுக்கு 'மருந்து' என்று பெயர் வைத்திருக்கிறோம். மருந்துக்கு யார் பயப்படுவார்கள்?

கையுறை போடச் சொன்னால் போதாதா என்று கேட்பீர்கள். எங்கள் படிப்பில் கையுறை கடைசிப் படி. முதற்படி, அந்த நஞ்சு தேவையே இல்லாமற் செய்ய முடியுமா என்பது. முடியாவிட்டால் நஞ்சு குறைந்த வேறொன்று உண்டா? கருவியின் ஒழுக்கை அடைக்கலாமா? காற்றுக்கு எதிரே நடக்காமல் அடிக்கலாமா? இவற்றையெல்லாம் பார்த்த பிறகே கையுறையும் முகமூடியும். சித்திரை வெயிலில் இறப்பர் கையுறையுடன் ஒரு மணிநேரம் நின்றவருக்கு இந்த வரிசையின் நியாயம் தெரியும். பனையேறும் சீவல் தொழிலாளி விழுந்தாலும் "கவனமில்லை" என்கிறோம், "விதி" என்கிறோம். அவர் கால் வைத்த இடத்தையும் இடுப்பில் கட்டியிருந்ததையும் போய்ப் பார்ப்பவர் யார்? அப்படிப் பார்க்கப் பழக்குவதுதான் இந்தப் படிப்பு. வேதியியல், உடற்றொழிலியல், பொறியியல், சட்டம், புள்ளிவிபரம் எல்லாம் அதற்காகவே வருகின்றன. உயிரியல் பிரிவுப் பிள்ளைக்கும் கணிதப் பிரிவுப் பிள்ளைக்கும் இதில் இடமுண்டு.

சட்டத்தைப் படித்தபோது மனம் கனத்தது. இலங்கையின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 ஆம் ஆண்டுக்குரியது. பெயரே சொல்வதுபோல, தொழிற்சாலைக்காக எழுதப்பட்டது. எங்கள் வெங்காயத் தோட்டமும் பனையும் வள்ளமும் தொழிற்சாலை அல்லவே. பாதுகாப்பான வேலைச்சூழல் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்று என்று சர்வதேச தொழில் அமைப்பு 2022 இல் ஏற்றுக்கொண்டது. அந்த உரிமை கோப்பாய் வரை வந்துசேர, இங்கேயே படித்த பிள்ளைகள் வேண்டும்.

இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ரமசினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700 இல் நூல் எழுதியவர். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு "என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்பதையும் சேர்க்கச் சொன்னார். பெரியப்பாவிடம் எந்த வைத்தியரும் அதைக் கேட்டதாக நினைவில்லை. தோட்டம் செய்யும் நேயர்களே, அடுத்த முறை தலையிடி என்று ஆசுபத்திரிக்குப் போனால், கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். "நேற்று வெங்காயத்துக்கு நஞ்சு அடித்தேன்" என்று நீங்களே சொல்லுங்கள். போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள்.

வணக்கம்.