மீனுக்கு 61 நாள், நமக்கு?

(பாம்பன் பக்கம், கடலில் பாசி எடுக்கும் பெண்கள் கூடிய கூட்டத்தில் பேசியது)

அக்காமாரே, தங்கச்சிமாரே, பின்னால் வேப்பமரத்தடியில் நிற்கிற அண்ணன்மாரே, வணக்கம்.

முதலில் அமெரிக்காக் கதை ஒன்று. 2020 தேர்தலில் ஜோ பைடன் வாக்குறுதி கொடுத்தார்: பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள உதவி, வயதானவர்களை வீட்டிலேயே பராமரிக்க உதவி, சம்பளத்தோடு விடுப்பு. 2021 நவம்பரில் கீழ்ச்சபையில் மசோதாவும் நிறைவேறியது. செனட்டில் இரு தரப்புக்கும் ஐம்பது ஐம்பது. ஆளுங்கட்சிக்காரர் ஒருவரே முடியாது என்றார், படுத்துவிட்டது. அங்கே 1993இல் போட்ட சட்டம் தருவது 12 வார விடுப்பு, அதுவும் சம்பளம் இல்லாமல். அத்தனை பணக்கார நாடு!

தோற்றுப்போன கதையை ஏன் சொல்கிறேன்? மூன்றையும் சேர்த்துக் கேட்டார்கள் பாருங்கள், அது சரியான கேள்வி. கைக்குழந்தையும் படுத்த மாமியாரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். இரண்டு பேரையும் பார்க்கிறவள் ஒருத்திதான். அவள் வேலைக்குப் போகாத நாளில் அடுப்பும் எரியாது.

நம்ம ஊரில் சட்டம் இல்லாமலில்லை. 2017இல் பிரசவ விடுப்பை 26 வாரமாக்கினார்கள். ஆனால் அது பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்துக்கு. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிறவளுக்கு முதலாளி யார்? கடலா? முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் உண்டு; வாங்குங்கள், விட்டுவிடாதீர்கள். அதில் பணமாக வருவது 14,000. ஆறு மாதத்துக்குப் பங்கிட்டுப் பாருங்கள், நாளுக்கு எண்பது ரூபாய்கூடத் தேறாது.

இப்போது மீனுக்கு வருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. ஏன்? மீன் சினைப்படுகிற காலம். அந்த நாட்களில் வருமானம் போகிறதே என்று குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம். நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. இனம் பெருக வேண்டும், அதற்காக வேலையை நிறுத்தினால் கூலி ஈடுகட்ட வேண்டும் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டாயிற்று. (அங்கே ஒரு அக்கா சிரிக்கிறார்.) சிரிக்காதீர்கள் அக்கா, சினை மீனுக்கு இருக்கிற நியாயம் சூலிப் பெண்ணுக்கு இல்லையா?

அப்புறம் பால்வாடி. நீங்கள் விடியுமுன் வத்தைப் படகில் ஏறுகிறீர்கள். பால்வாடி கதவு திறப்பது வெயில் ஏறின பிறகு. இடைப்பட்ட நேரத்துக்குப் பிள்ளை யாரிடம்? மூத்த பெண்பிள்ளையிடம். அவள் பள்ளிக்கூடம் அங்கேதான் நிற்கிறது.

முதியோர் விஷயத்தில் 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. படுக்கையில் கிடப்பவரைப் புரட்டிப் போட, கழுவித் துடைக்க நாள் முழுக்க ஆள் வருவதில்லை. ஜப்பானில் 2000 முதல் இதற்கென்றே காப்பீடு இருக்கிறது, நாற்பது வயதிலிருந்து கட்டுகிறார்கள்.

ஜீப்பில் கும்பிட்டுக்கொண்டு வருகிறவரிடம் "ஏதாவது செய்யுங்கள்" என்று சொல்லாதீர்கள். பாசிக்குப் போகிற நாட்களில் பால்வாடியை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று கேளுங்கள். பிரசவத்துக்கு எத்தனை நாள் கூலி, எந்தத் துறைப் பணத்தில், எந்த மாதம் வரும்? படுத்த முதியவர் இருக்கிற வீட்டுக்கு வாரத்தில் எத்தனை நாள் ஆள் அனுப்புவீர்கள்? சொல்கிற பதிலை யாராவது ஒரு நோட்டில் எழுதி, அங்கேயே அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.